கீரப்பாளையம் வரை போன அச்சு முறுக்கு

மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம் போய் வந்ததைப் பயணம் என்று எழுதினால் சிரிப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் தினமும் போய்த் திரும்புகிற தூரம். ஆனால் டிசம்பர் மாதத்தில் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நான் பஸ் ஏறியது இதுதான் முதல் தடவை. கல்யாணமாகி வந்ததிலிருந்து கிறிஸ்துமஸுக்கு நான் கடலூரைத் தாண்டியதில்லை. அதனால் எனக்கு அது வெளிதேசம் போனது மாதிரிதான். மடியில் ஒரு தகர டின். டின் நிறைய அச்சு முறுக்கு. அதிலிருந்து ஒன்றைக்கூட யாரும் தின்னக்கூடாது. நானும்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பண்டிகைக்குச் சுடுகிற பலகாரத்தை முதலில் தின்பது கேரல் பாட வருகிறவர்கள். அவர்கள் வாசலில் நின்று பாடிய பிறகுதான் டின் திறக்கும். அதற்கு முன் என் வீட்டுக்காரர் உடைந்த துண்டைக் கேட்டால்கூட மாமியார் கொடுக்கமாட்டார். பாட்டுக்காரர்கள் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டதும் விளக்கை அணைப்போம். எல்லோரும் கதவுக்குப் பின்னால் வந்து நிற்போம். வெளியே பாட்டு, உள்ளே இருட்டு. பாட்டு முழுசாக முடிந்ததும் விளக்கு, பிறகு தாழ்ப்பாள், பிறகு டின். நடுவில் திறந்தால் பாட்டைக் கையால் ஒடித்த மாதிரி என்பார் மாமியார். அந்த இருட்டில் நிற்கிற கொஞ்ச நேரம்தான் எனக்குக் கிறிஸ்துமஸ். பிரியாணியும் புதுச் சேலையும் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மாமியார் போய்விட்டார். வீட்டுக்காரரும் போய்விட்டார். பிறகு நான் ஒருத்தியே இருட்டில் நின்று, நான் ஒருத்தியே விளக்கைப் போட்டேன். பாட்டு மட்டும் தப்பாமல் வந்துகொண்டிருந்தது.

இந்த வருஷம் ஆராதனை முடிந்ததும் பிரபு மைக்கைப் பிடித்தார். கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவர், நல்ல பிள்ளை. இனிமேல் வீடு வீடாகப் போவதில்லை, வேனில் ஸ்பீக்கர் கட்டித் தெருமுனையில் நின்று பாடுவார்களாம். வீட்டுக்கே வர வேண்டும் என்கிறவர்கள் போன் குரூப்பில் பேரைப் போட வேண்டுமாம். பாடுகிறவர்கள் குறைந்துபோனார்கள், இருக்கிறவர்களுக்கும் காலையில் வேலைக்குப் போக வேண்டும், அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வெளியே வந்து என்னிடம் தனியாகவும் சொன்னார்.

“பெரியம்மா, ஒரு மெசேஜ் போட்டு வுடுங்க. உங்க வீட்டுக்கு வராம இருப்பமா?”

“பேரு குடுத்து வாங்கறதுக்கு அது என்ன ரேஷனா?” என்றேன்.

சொன்ன வேகத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். என்னிடம் இருப்பது பட்டன் போன், அதில் குரூப் ஏதும் கிடையாது. அதை அவரிடம் சொல்வானேன்.

மறுநாள் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவுக்குப் போய்ப் பச்சரிசியும் எள்ளும் தேங்காயும் வாங்கி வந்தேன். யார் வந்தாலும் வராவிட்டாலும் டிசம்பரில் என் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏற வேண்டும். அச்சு முறுக்கு மாவில் முட்டை உடைத்து ஊற்றுகிற வீடுகள் உண்டு. எங்கள் வீட்டில் தேங்காய்ப் பால் மட்டும்தான், அதுவும் மாமியார் வைத்த வழக்கம். கோபத்தோடு சுட்டாலும் அச்சிலிருந்து பூப்பூவாகத்தான் கழன்று வந்தது. டின்னை மூடும்போது மகன் ஜெபராஜ் சிதம்பரத்திலிருந்து போன் செய்தான். புது வீட்டுக்குக் குடிபோய் முதல் பண்டிகை, நீ வந்துதான் ஆக வேண்டும் என்றான். சரி என்று சொல்லிவிட்டேன். வேன் தெருமுனையில் பாடும்போது என் வீடு பூட்டிக் கிடக்கட்டும், அதை அவர்கள் பார்க்கட்டும் என்று ஒரு நினைப்பு.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கடல்காற்று கொஞ்ச தூரம் கூடவே வந்து, பிறகு நின்றுவிட்டது. ஆலப்பாக்கம் தாண்டியதும் டயர் போனது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். நான் ஒரு வேப்பமரத்தடியில் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெயில் ஏற ஏறத் தேங்காய்ப் பால் வாசனை மூடியைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. என் பக்கத்தில் வாழைத்தாரோடு உட்கார்ந்திருந்த பெண், விற்பனைக்கா என்று கேட்டாள். கண்டக்டர் வந்து, பாட்டிம்மா பசிக்குது என்று வயிற்றைத் தடவிக் காட்டினார். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகப் போனது.

பரங்கிப்பேட்டைக்குப் போகிற பெரியவர் ஒருவர், வெள்ளைத் தொப்பி, தாடியெல்லாம் வெள்ளை, துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். என்ன விஷயம் என்று அவர்தான் முழுசாகக் கேட்டார். சொன்னேன். சிரிக்கவில்லை.

“சர்த்தான் தங்கச்சி. நோம்புல எங்களுக்குப் பாங்கு, உங்களுக்குப் பாட்டு. சத்தம் வந்தாத்தான் வாயில வெக்கணும். பசி ஜாஸ்தியா இருந்தா நாங்க என்ன நாலு மணிக்கேவா கஞ்சி குடிக்கிறோம்?” என்றவர், சற்றுப் பொறுத்து, “பாட்டு வராமப் போச்சுன்னா?” என்று கேட்டார்.

டின் மூடியை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டேன். அதற்குள் டயர் மாற்றி முடித்து ஹாரன் அடித்தார்கள். பி.முட்லூரில் அவர் இறங்கும்போது டின்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

மகன் வீடு மாடியில் இருக்கிறது. அங்கே எனக்கு ஒரு ஆச்சரியம் வைத்திருந்தார்கள். மருமகள் கலைச்செல்வி பள்ளிக்கூடத்தில் டீச்சர், கீரப்பாளையத்து விவசாயக் குடும்பத்துப் பெண். நான் வருகிறேன் என்று தெரிந்ததும் வாசல் பெல்லை மாற்றியிருக்கிறாள். பட்டனை அமுக்கினால் கிறிஸ்துமஸ் மெட்டு வாசிக்கிற பெல். அவள் மனசு எனக்குப் புரிந்தது. ஆனால் மறுநாள் முழுக்க அந்தப் பெல்லோடு இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பால்காரர் வந்தால் கிறிஸ்துமஸ். தண்ணீர் கேன் வந்தால் கிறிஸ்துமஸ். எதிர்வீட்டுக்கு வந்த கூரியர் தவறி இங்கே அமுக்கினால் அப்போதும் கிறிஸ்துமஸ். ஒவ்வொரு தடவையும் நான் பழக்கத்தில் எழுந்து கதவுக்குப் பின்னால் போய் நின்று, மெட்டு முடிகிற வரை காத்திருந்து திறந்தேன். தண்ணீர் கேன்காரருக்குத் தோள் வலித்திருக்கும்.

ஜெபராஜ் கிண்டல் செய்தான். “டின்னத் தொறம்மா. பாட்டுதான் நாளெல்லாம் வருதே.”

“பெல்லுக்கு வாயா இருக்கு? முறுக்கத் திங்குமா அது?” என்றேன். மருமகள் சமையலறையிலிருந்து சிரித்தது கேட்டது. பெல்லை வாங்கியவள் அவள், அவளே சிரித்ததில் எனக்கு அவளை இன்னும் பிடித்துப்போனது.

சிதம்பரத்தில் கேரல்காரர்கள் இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே கோயிலுக்குப் போனபோது அதையும் விசாரித்தேன். சபையில் பேர் பதிந்த வீடுகளுக்குத்தான் போவார்களாம். என் மகன் புதிதாகக் குடிவந்தவன், இன்னும் பதியவில்லை. இன்றைக்கே சொல்லிவிடட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். கடலூரில் கேட்க மாட்டேன் என்றவள் சிதம்பரத்தில் மட்டும் கேட்பேனா?

அந்த ஊர் எனக்குத் தூக்கத்தில் பார்த்த ஊர் மாதிரி இருந்தது. மார்கழி மாதம், திருவாதிரை நெருங்கிக்கொண்டிருந்தது. தேர் ஓடுகிற நான்கு வீதியிலும் கீற்றும் மூங்கிலும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். விடிவதற்கு முன்பே எங்கிருந்தோ ஸ்பீக்கரில் பாட்டு தொடங்கிவிடும். கூரை, மாடி, தென்னை எதுவும் தெரியாத பனியில் பாட்டு மட்டும் நடந்து வரும். கடலூரில் பனி இருந்தாலும் கடல்காற்று வந்து கலைத்துவிடும். இங்கே வயல்பக்கத்திலிருந்து வருகிற பனி உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. ஒருநாள் காலை மருமகள் இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு வைத்தாள். மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அன்றைக்கு இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இதை மட்டும் மஞ்சக்குப்பத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால், மருமகளின் அம்மா சரோஜா கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறார் என்று சேதி வந்தது. பார்க்கப் போனோம். டின்னையும் தூக்கிக்கொண்டேன். மகன் வீட்டில் விட்டுப் போனால், பூட்டிய வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று யார் கண்டது?

சரோஜாவுக்கும் எனக்கும் சண்டை ஒன்றும் இல்லை. பேச்சும் இல்லை, அவ்வளவுதான். பிள்ளைகளின் கல்யாணத்தில் அவர் மேளம் வைத்தார், நான் பேண்டு வைத்தேன். மண்டப வாசலில் இரண்டும் ஒரே நேரத்தில் ஊதின. எது முதலில் நிறுத்துகிறது பார்ப்போம் என்று அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நின்றோம். எதுவும் நிற்கவில்லை. மாப்பிள்ளை பெண் உள்ளே போன பிறகும் ஊதிக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து நல்ல நாளுக்கு நல்ல நாள் போனில் நாலு வார்த்தை, அதோடு சரி.

கீரப்பாளையத்தில் வீட்டைச் சுற்றிப் பச்சையாக வயல். சரோஜா தனியாகத்தான் இருக்கிறார். ஜெபராஜுக்கு அன்றைக்கு இரவு வேலை, மருமகளுக்குப் பள்ளிக்கூடத்து வேலை பாக்கி. நான் துணைக்கு இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. சரோஜா நிமிர்ந்து பார்த்தார். இடது கையாலேயே எனக்குத் தலையணை எடுத்துப் போட்டார்.

படுப்பதற்கு முன் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். விடியற்காலையில் தெருவில் மார்கழி பஜனை வரும். முன்னால் ஒருவர் பித்தளை விளக்கு ஏந்தி வருவார். ஒவ்வொரு வீட்டிலும் அந்த விளக்குக்கு ஒரு கரண்டி எண்ணெய் ஊற்ற வேண்டும். “நல்லெண்ணெ கிண்ணம் கதவோரம் வெச்சிருக்கேன். மாத்திர போட்டா எனக்கு முழிப்பு வராது. நீங்க ஊத்திடறீங்களா சம்பந்திம்மா? உங்களுக்கு ஆகாதுன்னா வேணாம்,” என்றார்.

ஆகாது என்று சொல்லியிருக்கலாம். அவருடைய கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, சரி என்றேன்.

பாட்டு எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. தூக்கத்துக்குள்ளேயே கேட்டது. முதலில் தாளம், பிறகு ஆர்மோனியம், பிறகு ஆணும் பெண்ணுமாகக் குரல்கள். எந்த ஊரில் படுத்திருக்கிறேன் என்பதே மறந்துபோனது. மஞ்சக்குப்பத்து வீடு, மாமியார் இருக்கிறார், வீட்டுக்காரர் இருமுகிறார், பாட்டுக்காரர்கள் தெருமுனையில் திரும்பிவிட்டார்கள். எழுந்தேன். வாசலில் சரோஜா எரியவிட்டிருந்த பல்பை அணைத்தேன். எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் இருட்டில் போய் நின்றேன்.

பாட்டு வாசலுக்கு வந்தது. கதவிடுக்கு வழியாக விளக்கு வெளிச்சம் ஒரு கோடாக என் காலில் விழுந்தது. ஒரு பாட்டு முடிகிற மாதிரி வந்து, முடியாமல் அடுத்த பாட்டுக்குள் போனது. அதுவும் முடிகிற மாதிரி வந்து மூன்றாவதுக்குள் போனது. எனக்கு அவர்கள் சாமியின் பேர்கள் மட்டும்தான் புரிந்தன. ஆனால் என் ஆயுசில் ஒரே வாசலில் இத்தனை பாட்டை நான் கேட்டதில்லை. கடலூரில் கடைசி வருஷங்களில் ஒன்றைப் பாதியாகச் சுருக்கிப் பாடிவிட்டு வண்டி ஏறுவார்கள். இவர்களுக்கு அவசரமே இல்லை. என்னவொரு தாராளம் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணில் நீர் வந்தது. கையில் கிண்ணம் இருந்ததால் துடைக்கவில்லை.

நடுவில் ஒருவர் பாட்டை விட்டுவிட்டுப் பேசுகிற சத்தம் கேட்டது. “எரிஞ்சிட்டு இருந்த லைட்ட அணைச்சிட்டாங்களே. சரோசாக்காவுக்கு நம்ம மேல ஏதாச்சும் கோவமா?”

“கை ஒடிஞ்சி கெடக்குதுப்பா. எந்திரிக்க நேரமாவும். நீ பாடு,” என்றது ஒரு பெண் குரல்.

பாட்டு இன்னும் உரக்க எழுந்தது. வெளிச்சக் கோடு மட்டும் என் காலில் மெலிந்துகொண்டே வந்தது. அப்போதுதான் சரோஜா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். இருட்டில் என்னைக் கண்டு திடுக்கிட்டுவிட்டார்.

“இன்னுமா தொறக்கல? எவ்ளோ நேரமா நிக்கறாங்க அவுங்க?”

“பாட்டு முடியலியே சம்பந்தி,” என்றேன்.

“நீங்க தொறந்தாத்தான பாட்டு முடியும்?”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றோம். அந்த ஊரில் வீட்டுக்காரர் வெளியே வந்து எண்ணெய் ஊற்றுகிற வரை பாடவேண்டும், ஊற்றாத வீட்டை விட்டு நகரக் கூடாது. எங்கள் ஊரில் பாடி முடிக்கிற வரை கதவு திறக்கக் கூடாது. கல்யாண மண்டபத்து வாசல் எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை.

கதவைத் திறந்தேன். பனியில் பத்துப் பதினைந்து பேர், தலையில் துண்டு, சால்வை, ஒருவர் கழுத்தில் ஆர்மோனியம். முன்னால் நின்ற வயசானவர் கையில் விளக்கு. திரி எண்ணெயில்லாமல் கருகப் பார்த்தது. அதற்குக் காரணம் நான். யோசிக்க நேரமில்லை, கிண்ணத்திலிருந்ததை மொத்தமாகவே ஊற்றிவிட்டேன். சுடர் நிமிர்ந்தது. பாட்டு அந்த நிமிஷமே நின்றது.

அந்த அமைதியில் எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். உள்ளே போய் டின்னைத் தூக்கி வந்தேன். என் மாமியார் இருந்தால் என்ன சொல்வார் என்று ஒரு கணம் தோன்றியது. அவர் போட்ட விதி வாசலில் வந்து பாடுகிறவர்களுக்கு என்பதுதான், எந்தப் பாட்டு என்று அவர் சொல்லவில்லை. மூடியை நெம்பினேன்.

விளக்குப் பிடித்தவர் தயங்கினார். “முட்ட சேர்ந்ததாம்மா?”

“எங்க வூட்டுல என்னிக்கும் சேராது. தேங்காப் பாலு.”

“வாங்கிக்கறோம். ஆனா இப்ப திங்க மாட்டோம், கோச்சிக்காதீங்க. கோயில்ல பூச முடிஞ்சப்புறந்தான் பச்சத் தண்ணியே.”

அவர் என்னமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் சொன்னார். எனக்கு வேப்பமரத்தடிப் பெரியவர் நினைவு வந்தது. “டின்னோட எடுத்துட்டுப் போங்க,” என்றேன். ஆர்மோனியத்தின் மேலேயே அதை ஏற்றி வைத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வீட்டில் முதல் அடி பாடுவதற்குள் கதவு திறந்தது. அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. விளக்கும் டின்னும் பனிக்குள் போய் மறைகிற வரை நாங்கள் வாசலில் நின்றோம். அதில் ஒன்றைக்கூட நான் இன்னும் வாயில் வைக்கவில்லை என்று அப்போதுதான் சரோஜாவிடம் சொன்னேன்.

அன்றைக்கே மருமகள் வந்து என்னைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனாள். டின் எங்கேம்மா என்று மகன் கேட்டான். பஜனைக்குப் போயிருக்கிறது என்றேன். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் காலையில் கோயிலுக்குப் போய் வந்து, நான் புதுச் சேலையோடு உட்கார்ந்திருந்தேன். ஜெபராஜ் குளித்துக்கொண்டிருந்தான், கலைச்செல்வி பிரியாணிக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். பெல் அடித்தது. எழுந்து கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். மெட்டு முடியப் போகிற இடத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. காத்திருந்தேன். அதுவும் முடிகிற இடத்தில் மறுபடி தொடங்கியது. அத்தை, யாருன்னு பாருங்க என்று மருமகள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

மூன்றாவது தடவை மெட்டு தொடங்கியபோது எனக்குப் பிடிபட்டது. பால்காரர் இப்படி அமுக்கமாட்டார், தண்ணீர் கேன்காரரும் மாட்டார். திறக்கிற வரை பாட்டு நிற்கக் கூடாது என்று நினைக்கிறவர் ஒருத்தர்தான்.

மெட்டு பாதியில் இருந்தது. தாழ்ப்பாளை எடுத்தேன்.

சரோஜா நின்றிருந்தார். ஒரு கையில் கட்டு, இன்னொரு கக்கத்தில் பஜனைக்காரர்கள் திருப்பிக் கொடுத்த என் டின். கை காலி இல்லாததால் முழங்கையாலேயே பெல்லை அமுக்கியிருக்கிறார். டின்னுக்குள் சூடாகப் பொங்கல் இருப்பது வாசனையில் தெரிந்தது. மூடியின் மேல் நூலால் கட்டிய வாழையிலைத் துண்டில் ஒரே ஒரு அச்சு முறுக்கு. நான் இன்னும் அதை வாயில் வைக்கவில்லை என்பது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. பெல் நிற்காமல் வாசித்துக்கொண்டிருந்தது.

“என்ன சம்பந்திம்மா, பாட்டு முடியறதுக்குள்ள தொறந்துட்டீங்க?” என்றார்.